வலி இல்லாத மாதங்கள்

பேருந்து நிலையத்தில் எல்லோரும் அவளை மைக்கக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் யாரோ ஒரு நடத்துநர் கேலிக்கு வைத்த பெயர், அப்படியே ஒட்டிக்கொண்டது. டிக்கெட் கவுன்டர்களுக்கு மேலே, இரும்புப் படி ஏறிப் போனால் ஒரு கண்ணாடி அறை. அதைக் கூண்டு என்பார்கள். உள்ளே ஒரு மேசை, ஒரு மைக், ஒரு சுழல் நாற்காலி, இரைந்துகொண்டே இருக்கும் மின்விசிறி. கீழே எல்லா நடைமேடைகளும் அங்கிருந்து தெரியும். "ஏழாம் நடைமேடையிலிருந்து துறைமுகம் செல்லும் பேருந்து இன்னும் சற்று நேரத்தில் புறப்படும்" என்று அவள் சொன்னால், ஓடிவருகிறவர்கள் நடையைக் குறைப்பார்கள். தூங்குகிறவர்கள் எழுந்து மூட்டையைத் தேடுவார்கள். பதற்றமே இல்லாத குரல். ஊரில் பாதிப் பேருக்கு அந்தக் குரல் தெரியும், முகம் தெரியாது. காய்கறிக் கடையில் அவள் விலை கேட்டால், பக்கத்தில் நிற்பவர் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பேருந்து எங்கே என்று திரும்பிப் பார்ப்பார்.

அவளுக்கு ஒற்றைத் தலைவலி உண்டு. வயதுக்கு வந்த காலத்திலிருந்தே உண்டு. மாதவிலக்குக்கு முந்தைய நாள் இடது நெற்றிப்பொட்டில் தொடங்கும். வாந்தி எடுத்து, திரையை இழுத்துவிட்டு, ஈரத்துணியை நெற்றியில் போட்டு ஒரு நாள் முழுக்கச் செத்தவள் போலக் கிடந்தால் மறுநாள் போய்விடும். அதற்கு அவள் வைத்த பெயர் விருந்தாளி. நாளைக்கு விருந்தாளி வருகிறார், எனக்கு லீவு என்று டைம்கீப்பரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பாள். பேருந்துகள் வந்து போகும் நேரத்தைப் பார்க்கும் அந்த மனிதர், ஓய்வு பெற இருந்தவர், "தேதி சொல்லிட்டு வர்ற விருந்தாளி தேவலை. என் மச்சான் சொல்லாமலே வந்து நிக்கிறான்" என்பார்.

நாற்பத்தைந்து வயதில் தேதி குழம்பியது. ஒரு மாதம் இரண்டு தடவை வந்தது. பிறகு இரண்டு மாதம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. தலைவலி மட்டும் நினைத்தபோதெல்லாம் வந்தது. பல் தேய்க்கும்போது வந்தது. சனிக்கிழமைக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்திருக்கும்போது வந்தது. உடம்புக்குள் யாரோ உட்கார்ந்து குமிழைக் கூட்டியும் குறைத்தும் விளையாடுவது போல இருக்கிறது என்று மகளிடம் சொன்னாள். கல்லூரியில் படிக்கும் மகள், மாதவிலக்கு நிற்கப்போகும் வயதில் ஹார்மோன் அப்படித்தான் ஏறி இறங்கும் என்று கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்லிவிட்டுப் போனாள்.

நாள் தள்ளிப்போன அந்த இரண்டு மாதமும் அவளுக்கு வேறொரு பயம். இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்த நாத்தனார், இனி எங்கே உண்டாகப்போகிறேன் என்று அசட்டையாக இருந்து, நாற்பத்து மூன்றாம் வயதில் ஒரு பிள்ளை பெற்றிருந்தாள். மூத்த மகனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த சமயம் அது. சொந்தக்காரர்கள் சிரித்த சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. மைக்கக்கா கர்ப்பச் சோதனை அட்டை வாங்கிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. குளியலறைத் தரையிலேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு நேரே நாத்தனார் வீட்டுக்குப் போனாள். நாத்தனார் கணவரின் தங்கை என்றாலும் கிட்டத்தட்ட ஒரே வயது; இருவருக்கும் நடுவே ஒளிவுமறைவு கிடையாது.

நாத்தனார் வீட்டிலேயே தையல் வேலை செய்பவள். வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டே பேசுவாள். "நான் போடற மாத்திரையையே நீங்களும் போடுங்க அண்ணி. பயமும் போகும், மாசமும் ஒழுங்கா வரும்" என்றாள். நல்லெண்ணத்தில் சொன்னதுதான். இருவருமாக மருந்துக் கடைக்குப் போனார்கள். கடைக்காரப் பெண் ரத்த அழுத்தம் உண்டா, புகைப்பழக்கம் உண்டா என்று கேட்டாள். தலைவலி உண்டா என்றும் கேட்டாள். நாத்தனார் வாயைத் திறப்பதற்குள் மைக்கக்கா முந்திக்கொண்டு, எல்லோருக்கும் வருவதுதான் என்று சொல்லிவிட்டாள். டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள் என்று கடைக்காரப் பெண் சொன்னதற்கு, கேட்கிறோம் என்று தலையாட்டி, மாத்திரை அட்டையைக் கைப்பையின் உள்ளறையில் போட்டுக்கொண்டாள். கணவரிடம் சொல்லவில்லை. இந்த வயதில் இதைப் போய் எப்படிச் சொல்வது என்று கூச்சம்.

மூன்று வாரம் மாத்திரை, ஒரு வாரம் இடைவெளி. மாதவிலக்கு சொன்ன பேச்சைக் கேட்டது. ஆனால் அந்த இடைவெளி வாரத்தில் வந்த தலைவலி, அதுவரை வந்ததையெல்லாம் ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டது. எழுந்து தண்ணீர் குடிக்கவும் முடியவில்லை. குழாய் சொட்டுகிற சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டாள். நாத்தனார் அதற்கும் ஒரு வழி சொன்னாள். தனக்குத் தெரிந்த ஒருத்தி இடைவெளியே விடாமல் அடுத்த அட்டையைத் தொடங்கிவிடுவாளாம்; மாதவிலக்கும் இல்லை, தலைவலியும் இல்லையாம்.

அப்படியே செய்தாள். தலைவலி நின்றது.

முப்பது வருஷத்துக்கு மேல் கூடவே இருந்த வலி, இருந்த இடம் தெரியாமல் போய்விட்டது. அவளைப் பார்த்தவர்கள் பத்து வயது குறைந்துவிட்டாய் என்றார்கள். லீவே எடுக்கவில்லை. படுக்கையறைத் திரைகளைக் கழற்றித் துவைத்தவள், திரும்ப மாட்டாமலே விட்டாள். கணவர் குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்ப்பவர். வேலை முடிந்து வந்து கதவருகே நின்று, வீடு என்ன இவ்வளவு வெளிச்சமாக இருக்கிறது என்று கேட்டார்.

பிறகு வேறொரு வெளிச்சம் வந்தது.

ஒரு பிற்பகல், கூண்டில் உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். நான்கு என்ற எண் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. கண்ணைக் கசக்கினாள். அந்த ஒன்றுமில்லாத இடத்தின் ஓரம் மினுங்கத் தொடங்கியது. ரம்பப் பல் போல நெளிந்த ஒரு கோடு, வெள்ளியும் நீலமுமாகத் துடித்துக்கொண்டு, வலப்பக்கமாக மெல்ல விரிந்தது. கண்ணை மூடினாள், மூடிய இமைக்குள்ளும் அது இருந்தது. கீழே நின்ற பேருந்தின் முன்பாதி தெரிந்தது, பின்பாதி தெரியவில்லை. அரைமணி நேரம் போல இருந்துவிட்டுக் கரைந்தது. இனி வலிக்கும் என்று தலையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். வலிக்கவில்லை. வலிக்காததை நோய் என்று நினைக்க அவளுக்குத் தோன்றவில்லை. பார்க்க அழகாகக்கூட இருந்தது என்று பின்னாளில் சொன்னாள்.

அடுத்த முறை, சாப்பாட்டு மேசையில் மகளின் முகத்தில் பாதி காணாமல் போயிற்று. பேசிக்கொண்டிருந்த வாயில் ஒரு பக்கம்தான் அசைந்தது. மைக்கக்கா ஒன்றும் காட்டிக்கொள்ளாமல், அந்த இல்லாத பாதி இருக்கும் என்ற நம்பிக்கையில் தட்டைப் பார்த்துப் பரிமாறினாள். மறுநாள் கண்ணாடிக் கடைக்குப் போனாள். பழைய கண்ணாடி போதவில்லை போலிருக்கிறது என்று நினைப்பு.

கண் பரிசோதிப்பவர் பருத்த மனிதர். ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டார். எந்தக் கண்ணில் மினுங்குகிறது என்று கேட்டார். வலது என்றாள். வலது கண்ணை மூடினால் என்றார். அப்போதும் தெரிந்தது என்றாள். அவர் முணுமுணுப்பது நின்றது.

"அப்போ அது கண்ணுல இல்லம்மா. கண்ணுக்குப் பின்னாடி இருக்கு. நரம்பு டாக்டரைப் பாருங்க. தள்ளிப்போடாதீங்க."

மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்றும் கேட்டார். இல்லை என்றாள். பொய் சொல்கிறோம் என்றே அவளுக்குப் படவில்லை. மாத்திரை என்றால் நோய்க்குச் சாப்பிடுவது, இது வேறு. தவிர, முன்பின் தெரியாத ஆண்பிள்ளையிடம் அதைப் போய் எப்படிச் சொல்வது.

டாக்டரிடம் போயிருப்பாள். அந்த வாரம் பார்த்து மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. இனி அறிவிப்புகளை எந்திரம் செய்யும். குரல் மட்டும் மைக்கக்காவுடையது. முழுவதையும் பதிவு செய்து முடித்ததும் அவளை மாதாந்திர பாஸ் கவுன்டருக்கு மாற்றிவிடுவார்கள். காலையில் கூண்டு, மதியத்துக்கு மேல் பதிவு என்று ஏற்பாடு. இது முடியட்டும், பிறகு டாக்டரைப் பார்க்கலாம் என்று இருந்தாள்.

பதிவு அறை ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தது. சுவரெல்லாம் கறுப்புப் பஞ்சு ஒட்டியிருந்தார்கள். அங்கே பேசினால் குரல் போகும், திரும்பி வராது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஒரு தாடிக்காரர் உட்கார்ந்திருப்பார். எண்களைத் தனியாக, ஊர்ப்பெயர்களைத் தனியாக, "புறப்படும்" என்பதைத் தனியாகச் சொல்லச் சொன்னார். வீட்டில் கணவரிடம் அதைச் சொல்லிச் சிரித்தாள். "என்னைத் துண்டு துண்டா வெட்டி எடுத்துக்கிறாங்க. இனி மெஷின் வேணுங்கிறபடி ஒட்டவச்சுப் பேசிக்கும்."

அந்த நாள்களில் ஒரு காலை, கூண்டில் அவளுடைய வலது விரல்நுனிகள் மரத்தன. எறும்பு ஊர்வது போல அது மணிக்கட்டுக்கு ஏறி, அங்கிருந்து எப்படியோ உதட்டுக்குத் தாவியது. பொத்தானை அழுத்தி வழக்கம்போலப் பேசினாள். நிலையம் முழுவதும் ஒலிபெருக்கியில் கேட்டது இதுதான்: "ஏழாம் துறைமுகத்திலிருந்து நடைமேடை செல்லும் பேருந்து…" கீழே சிலர் சிரித்தார்கள். அவள் திருத்த முயன்றாள். இரண்டாம் முறை வந்ததில் ஒரு சொல்கூடச் சொல்லாக இல்லை. டைம்கீப்பர் மூச்சு வாங்கப் படியேறி வந்து மைக்கை அணைத்தார். காலையில் சாப்பிட்டாயா அம்மா என்று கேட்டார். தண்ணீர் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் நாக்கு பழையபடி ஆயிற்று. வேலை அதிகம் என்று இருவரும் முடிவு செய்துகொண்டார்கள். அதற்குப் பிறகு நடத்துநர்கள் படிக்குக் கீழே நின்று, "மைக்கக்கா, நடைமேடை போற வண்டி வந்துடுச்சா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரிக்கும்போதே மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

பதிவின் கடைசி நாள். நடைமேடை எண்களில் பதினொன்று வரை முடிந்திருந்தது, பன்னிரண்டு மட்டும் பாக்கி. கையிலிருந்த தாள் நழுவி விழுந்தது. அவள் குனியவில்லை, விழுந்தது அவளுக்குத் தெரியவே இல்லை. தாடிக்காரர் காதில் அவள் குரல் தெளிவாக, பதற்றமே இல்லாமல், பொருளற்ற எதையோ சொல்லிக்கொண்டே போனது. குரலைச் சோதித்துப் பார்க்கிறாள் என்று நினைத்து முதலில் கையைக் காட்டினார். பிறகு கண்ணாடி வழியாக நிமிர்ந்து பார்த்தார். வாயின் வலது ஓரம் தொங்கியிருந்தது. கருவியைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினார்.

ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்தது. அது அவள் நல்ல நேரம்.

ஆஸ்பத்திரியில் நரைத்த தலையுடன் ஒரு பெண் டாக்டர் வெளியே வந்து, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கணவரிடம் கேட்டார். அவர் எதுவும் இல்லை என்றார். நிச்சயமாகவா என்று டாக்டர் கேட்டார். நிச்சயமாக என்றார். நாத்தனார் சுவரோரம் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"இருக்கு டாக்டர். கருத்தடை மாத்திரை. நான்தான் வாங்கிக் குடுத்தேன். கேப் விடாம போடச் சொன்னதும் நான்தான்."

கணவர் திரும்பித் தங்கையைப் பார்த்தார். பிறகு நகர்ந்து போய்ச் சுவரின் மறு ஓரத்தில் நின்றுகொண்டார். திட்டியிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள்.

டாக்டர் ஒவ்வொருவராகக் கேட்டுச் சேகரித்தார். கூண்டில் நாக்குப் பிறழ்ந்ததை டைம்கீப்பர் சொன்னார். கண்ணாடிக் கடை ரசீதைக் கைப்பையில் பார்த்ததை மகள் சொன்னாள். கடைக்குத் தொலைபேசியில் பேசினார்கள். ஆளுக்கொரு துண்டு வைத்திருந்தார்கள். சேர்த்துப் பார்க்க அதுவரை யாரும் இல்லை. டாக்டர் நிதானமாகவே சொன்னார்: மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் ஒன்று அடைத்துக்கொண்டது. இந்த வயதில் ஹார்மோன் தாறுமாறாக ஏறி இறங்குவதால் தலைவலி கூடுவது பலருக்கும் உண்டு. வெறும் வலி என்றால் ஒரு விஷயம். கண்ணில் வெளிச்சம், கை மரத்துப்போவது, பேச்சு குழறுவது எல்லாம் சேர்ந்தால் அது தனி வகை. அந்த வகை உள்ளவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை ஆகாது. ரத்தம் உறைந்து மூளையில் அடைப்பு வரும் ஆபத்து கூடும். அந்த வெளிச்சம் முதல் தடவை வந்தபோதே மாத்திரையை நிறுத்தியிருக்க வேண்டும்.

"இதனாலதான் வந்துச்சுன்னு நான் சத்தியம் பண்ண முடியாது. ஆனா இனிமே அந்த மாத்திரை வேண்டாம்" என்றார். பிறகு கருத்தடைக்குக் காப்பர்-டி வைத்துவிட்டார்கள். அதில் ஹார்மோன் எதுவும் இல்லை என்று கணவரையும் உட்காரவைத்தே விளக்கினார்கள். அவர் பள்ளிக்கூடப் பையன் போலத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

கை கால் விரைவில் தேறிவிட்டன. பேச்சுதான் திரும்பவில்லை. எல்லாம் புரிந்தது; சொல்ல நினைப்பது ஒன்று, வாயில் வருவது ஒன்று. உப்பு கேட்க வாயெடுத்தால் சாவி என்று வரும். ஆமாம், இல்லை இரண்டும்கூட இடம் மாறின.

வீட்டுக்கு வந்து சில நாள் கழித்து நாத்தனார் வந்தாள். உள்ளே வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். வாயில் குண்டூசி இல்லாமல் அவளைப் பார்ப்பதே புதிதாக இருந்தது. பிள்ளையை இடுப்பிலிருந்து இறக்கிவிட்டுக் கேட்டாள்.

"என்னாலதானே அண்ணி?"

மைக்கக்காவுக்குப் பதில் தயாராக இருந்தது. தொண்டையில் இருந்தது. வாயைத் திறந்தாள், வரவில்லை. நாத்தனார் காத்திருந்தாள். அந்த மௌனம் நீள நீள அவள் முகம் மாறியது. மைக்கக்கா அவள் கையைப் பிடித்து, பலமெல்லாம் திரட்டிச் சொன்னாள்.

"ஆமா."

சொன்னதும் தெரிந்துவிட்டது. தலையைப் பலமாக ஆட்டினாள், மறுபடி சொன்னாள், மறுபடியும் அதுவே வந்தது. நாத்தனார் எழுந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அம்மாவுக்கு வார்த்தை மாறி வருகிறது அத்தை என்று மகள் தெருமுனை வரை ஓடிப்போய்ச் சொன்னாள். தெரியும் என்று சொன்னாளாம் நாத்தனார். ஆனால் பிறகு வரவில்லை.

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வந்தாள். பொருள்களின் பெயர், நிறங்கள், உறவுமுறைகள் என்று வரிசையாகச் சொல்லிக்கொடுக்கப் பார்த்தாள். மைக்கக்கா அதையெல்லாம் தள்ளிவிட்டு ஒரே ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டாள். அடுப்படியில் நின்று, குளிக்கும்போது, சுவரைப் பார்த்து, அதையே சொல்லிப் பழகினாள். அது பத்துக்கு எட்டு முறை சரியாக வந்த ஒரு மாலை, மகளைக் கூட்டிக்கொண்டு இரண்டு தெரு நடந்து போனாள். வழியில் யாருடனும் பேசவில்லை. வேறு சொல் ஏதாவது குறுக்கே வந்துவிடக் கூடாதே.

நாத்தனார் தையல் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்தாள். மைக்கக்கா வாசற்படியில் நின்றபடியே சொன்னாள்.

"இல்லை."

"என்ன இல்லை அண்ணி? வீட்டுல ஏதாவது இல்லையா?" என்று நாத்தனார் மகளைப் பார்த்தாள்.

"இல்லை" என்றாள் மைக்கக்கா மறுபடி. "நீ இல்லை."

நாத்தனாருக்கு அப்போதுதான் புரிந்தது. கதவைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

அதன் பிறகு நான்கு வருஷம் ஓடிவிட்டது. பேச்சு பெரும்பாலும் திரும்பிவிட்டது. களைத்திருக்கும்போது மட்டும் சில சொற்கள் முகம் மாற்றிக்கொண்டு வரும். இப்போது பாஸ் கவுன்டரில் உட்காருகிறாள். தலைக்கு மேல் அவளுடைய பழைய குரல் நாள் முழுக்க அறிவித்துக்கொண்டிருக்கிறது. பன்னிரண்டு என்ற எண்ணை மட்டும் வேறொரு பெண்ணை வைத்துப் பதிவு செய்திருக்கிறார்கள். வாக்கியத்தின் நடுவே அந்நியக் குரல் ஒன்று வந்து அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு மறையும். முதலில் அவளுக்கு முதுகு சில்லிட்டது. பிறகு பழகிவிட்டது.

மாதவிலக்கு நாற்பத்தொன்பதில் ஒரேயடியாக நின்றது. வலி குறைந்தது. வெளிச்சம் முழுவதும் போகவில்லை. எப்போதாவது வருகிறது. சிலருக்கு அப்படித்தான், பெரும்பாலும் ஒன்றும் செய்யாது, ஆனால் பேச்சோ கையோ தடுமாறினால் உடனே வந்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கணவரின் எண்ணை அழுத்தினால் போதும், எங்கே எந்தப் பெட்டியைப் பிரித்துப் போட்டிருந்தாலும் அப்படியே விட்டுவிட்டு ஓடிவருவார். இதுவரை இரண்டு முறை ஓடிவந்திருக்கிறார். இரண்டு முறையும் அது வெறும் வெளிச்சம்.

போன வாரம் மதியம், ஒருவருக்குப் பாஸில் முத்திரை வைக்கப் போனபோது, தாளின் வலது ஓரத்தில் புகைப்படம் இருந்த இடம் காலியாக இருந்தது. பிறகு அதன் விளிம்பு மினுங்கியது. மைக்கக்கா முத்திரையைக் கீழே வைத்தாள். இரண்டு உள்ளங்கைகளையும் மேசைமேல் விரித்து வைத்து, விரல்நுனிகள் ஒவ்வொன்றாக இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தாள். வரிசை நீண்டிருந்தது.

"என்னம்மா, சிஸ்டம் வேலை செய்யலையா?" என்று முன்னால் நின்ற பெரியவர் கேட்டார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் முகத்தில் பாதிதான் இருந்தது. பதில் வாய் வரைக்கும் வந்துவிட்டது. அதைச் சொல்லிப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது.